விபத்துக் காப்பீடு: நாமினி பெயரை உடனே பாருங்கள்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் இருந்து சென்னை, கோவை என்று தனியார் வேலையில் இருக்கிற தம்பி தங்கைகள் அவசியம் படிக்க வேண்டும்.

கம்பெனி எடுத்துத் தருகிற குழு விபத்துக் காப்பீட்டுக்கு நாமினி (நமக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணத்தை வாங்க நாம் எழுதிக் கொடுக்கிற ஆள்) யார் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பி.எஃப்.க்குக் கொடுத்த பெயர் தானாக இதற்கு வந்துவிடாது, இது தனிப் படிவம். வேலைக்குச் சேர்ந்த அன்று அம்மா பெயரை எழுதிவிட்டு, கல்யாணம் ஆகி குழந்தைகள் பிறந்த பிறகும் மாற்றாமல் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். பி.எஃப்.பில் கல்யாணத்துக்கு முன் கொடுத்த நாமினேஷன் கல்யாணத்தோடு செல்லாமல் போய்விடும், ஆகவே அதையும் புதிதாகப் போடுங்கள்.

அம்மா, மனைவி இருவருக்கும் பிரித்தும் எழுதலாம், மொத்தம் 100 சதவீதம் வரவேண்டும். 18 வயது ஆகாத பிள்ளை என்றால் பணத்தை வாங்கிப் பொறுப்பாக வைத்திருக்க ஒரு பெரியவர் பெயரும் வேண்டும்.

நம் பக்கத்தில் வீட்டு இனிஷியலே மூன்று நான்கு வரும், ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் ஒரு மாதிரி. படிவத்தில் ஆதாரில் உள்ளபடியே எழுதுங்கள். நாமினி இல்லையென்றால், துக்கத்தில் இருக்கிற குடும்பம் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைய நேரிடும், அந்த நிலை யாருக்கும் வேண்டாம். அப்புறம், இப்படி ஒரு பாலிசி இருப்பதையே வீட்டில் சொல்லாதவர்கள் இன்று இரவே சொல்லிவிடுங்கள், பாலிசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். படிவத்தில் சந்தேகம் இருந்தால் நம்முடைய இந்தக் குழுவிலேயே கேளுங்கள், ஆதார் எண்ணை மட்டும் இங்கே போடாதீர்கள்.