சிம்லா பக்கமாக ஏறு, மணாலி பக்கமாக இறங்கு

அன்புள்ள கதிருக்கு,

நீ அனுப்பிய பயணத் திட்டத்தைப் பார்த்தேன். டெல்லியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் மணாலி, மறுநாள் விடிகாலையில் டாக்சி, அன்று சாயங்காலமே இமாசலத்து ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் காசா. காகிதத்தில் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது, உடம்பு தாங்காது. மணாலி சுமார் 2,000 மீட்டர். காசா 3,700க்குக் கிட்ட. நடுவில் குன்சும் கணவாய் 4,500க்கும் மேலே. ஒரே பகலில் இவ்வளவு ஏறிவிட்டுப் படுத்தால் அன்று ராத்திரியே தலை வெடிக்கும், சாப்பாடு இறங்காது. ஸ்பிதியில் உனக்குக் கிடைக்கும் முதல் இரண்டு நாளும் கட்டிலோடு போய்விடும். அதனால் திட்டத்தை அப்படியே திருப்பிப் போடு. சிம்லா பக்கமாக ஏறி, பக்கத்து மாவட்டமான கின்னோர் வழியாக ஸ்பிதிக்குப் போய், மணாலி பக்கமாக இறங்கு. எட்டு நாள் போதாது, பத்து வை.

செப்டம்பர் கடைசியைப் பிடித்தது சரி. ஜூலை, ஆகஸ்டில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் கின்னோருக்குப் போகக் கூடாது. ஸ்பிதி மழை மறைவுப் பிரதேசம். அங்கே போகும் வழியில், கின்னோரில் இருக்கும் சட்லெஜ் பள்ளத்தாக்கு அப்படியில்லை. 2021 ஜூலையில் சாங்லா பள்ளத்தாக்கின் பட்சேரியில் பாறைகள் உருண்டு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். அடுத்த மாதமே நிகுல்சாரியில் மலை சரிந்து ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸை மூடியது. அந்தச் சரிவுகளில் மண்ணும் கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதே அரைகுறைதான். மழை ஊறினால் பிடி விடும். மழை இல்லாத நாளிலும் மத்தியானக் காற்று சிறு கற்களைத் தள்ளிவிடும். அதனால் வண்டியில் போகும் நாளெல்லாம் காலை ஆறு, ஆறரைக்குக் கிளம்பி இரண்டு மணிக்குள் சேர்ந்துவிடப் பாருங்கள். 'கல் விழும் இடம்' என்று பலகை வைத்த இடத்தில் போட்டோ எடுக்க இறங்க வேண்டாம்.

முதல் ராத்திரி சராஹன். சிம்லாவிலிருந்து நார்கண்டா, ராம்பூர் தாண்டி ஜியோரியில் பிரிந்து 17 கிலோமீட்டர் ஏற வேண்டும். ஆப்பிள் லாரிகள் ஓடும் பருவம் என்பதால் தியோக் பக்கம் நெரிசல் இருக்கும், ஏழெட்டு மணி நேரம் வைத்துக்கொள். அங்கே பீமாகாளி கோயில். பெல்ட், பர்ஸ், செருப்பு என்று தோல் சாமான் எதுவும் உள்ளே போகக் கூடாது, தலையில் தொப்பி இருக்க வேண்டும். தொப்பி வாசலிலேயே தருவார்கள். சாமி கும்பிட்டுவிட்டு உடனே கிளம்பிவிடாதே, சுவர்களின் பக்கத்தில் போய் நின்று பார். நீ சிவில் படித்தவன், உனக்கு அது கோயிலைவிடப் பெரிய விருந்து. தேவதாரு உத்தரங்களை நீளவாட்டில் இரட்டையாகப் போட்டு, இடையில் கல் நிரப்பி, அதன் மேல் மறுபடி உத்தரம் என்று அடுக்கடுக்காக எழுப்பியிருப்பார்கள். காட்குணி என்று பெயர். சுண்ணாம்பு, சிமெண்ட் எதுவும் கிடையாது. மூலையில் மரமும் மரமும் குறுக்காகக் கவ்விக்கொள்ளும், மர ஆணி பிடித்துக்கொள்ளும். நிலம் ஆடும்போது கல்லும் மரமும் கொஞ்சம் நகர்ந்து அந்த அதிர்வை வாங்கிக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிடும். விறைத்து நிற்கும் காங்கிரீட்தான் அங்கே விரிசல் விடுகிறது. இன்று ஊரெங்கும் எழும்புவது அந்தக் காங்கிரீட்டே. தேவதாரு வெட்ட இப்போது எளிதில் அனுமதி கிடைப்பதில்லை. காட்குணி கட்டத் தெரிந்த கையும் குறைந்துவிட்டது.

இரண்டாம் நாள் கர்ச்சமில் திரும்பி சாங்லா. காம்ரு கோட்டைக்குள் போக வேண்டுமானால் தொப்பி போட்டு இடுப்பில் கச்சை கட்டிவிடுவார்கள், சிரிக்காமல் கட்டிக்கொள். அங்கிருந்து சித்குல் வரை பாஸ்பா ஆற்றோடு ஒரு மணி நேரச் சாலை. சித்குல் 3,450 மீட்டர். பகலில் போய்ப் பார்த்துவிட்டு, தூங்க 2,700 மீட்டரில் இருக்கும் சாங்லாவுக்கே இறங்கிவிடு. இந்தப் பயணம் முழுக்க இதுதான் கணக்கு: பகலில் உயரம் ஏறு, ராத்திரிக்கு இறங்கித் தூங்கு. 3,000 மீட்டருக்கு மேலே போன பிறகு, தூங்கும் இடம் முந்தின ராத்திரியைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

மூன்றாம் நாள் கல்பா. நம் தொட்டபெட்டா சிகரமே 2,637 மீட்டர்தான். கல்பா ஊரே அதைவிட 300 மீட்டர் உயரம். எதிரே கின்னர் கைலாசம். விடியற்காலையில் கேமராவோடு ஓடாதே, சூரியன் அந்த மலைக்குப் பின்னாலிருந்து வருவதால் காலையில் மலையின் முகம் நிழலில்தான் இருக்கும். சாயங்கால வெயில்தான் அதில் நேராக விழும்.

இந்தப் பருவத்தில் கின்னோரில் ஊருக்கு ஒரு தேதியில் ஃபுலாய்ச் திருவிழா நடக்கும். ஆட்கள் மேல் மலைக்குப் போய்ப் பூப்பறித்து வந்து ஊர்த் தேவதைக்குச் சாத்துவார்கள், இறந்துபோனவர்களை நினைத்துப் படைப்பார்கள். நம் மகாளய பட்சமும் ஏறக்குறைய அதே காலம். எந்த ஊரில் என்றைக்கு என்று கின்னோரின் தலைநகரான ரெக்காங் பியோவின் கடைத்தெருவில் விசாரித்தால் சொல்லிவிடுவார்கள். தேவதையின் பல்லக்கு வெளியே வந்திருந்தால் தள்ளி நில், தொடாதே. கோயில் மேடையில் ஏறும் முன் கேள். ஆடுகிறவர்கள் கை நீட்டிக் கூப்பிட்டால் மட்டும் வரிசையில் சேர்ந்துகொள். தொப்பியில் பச்சை வெல்வெட் பட்டை வைத்தவர்களைத்தான் எங்கும் பார்ப்பாய். கீழ்க் கின்னோர் இந்து, மேல் கின்னோர் பௌத்தம், நடுவில் இரண்டும் கலந்தது. ஒரே வீட்டில் லாமாவையும் கூப்பிடுவார்கள், தேவதையிடமும் குறி கேட்பார்கள்.

பியோவில் சில்கோசா வாங்கு. பைன் மரத்தின் விதை. கூம்பு விரியும் முன்பே மரமேறிப் பறித்து, உலர்த்திப் பிரித்தெடுப்பது, அதனால்தான் அந்த விலை. ஒன்றை உடைத்துத் தின்று பார். எண்ணெய்ச் சிக்கு வாடை அடித்தால் போன வருஷத்துச் சரக்கு. கால் கிலோ போதும். ஏறக்குறைய எல்லா விதையும் சந்தைக்கே வந்துவிடுவதால் காட்டில் புதுக்கன்று முளைப்பது அரிதாகிவிட்டது. பணமும் பியோ ஏடிஎம்மிலேயே எடுத்துக்கொள். காசாவில் ஏடிஎம் உண்டு, அதில் பணம் இருக்க வேண்டுமே. பெட்ரோலும் பியோவுக்குக் கீழே போவாரியில் நிரப்பினால் காசா வரை கவலையில்லை. உங்களுக்கு அனுமதிச் சீட்டு தேவையில்லை, ஆதார் அட்டை கையில் இருந்தால் போதும். உன் ஜெர்மன் நண்பன் வருவதாக இருந்தால் அவனுக்கு மட்டும் எல்லைப் பகுதி அனுமதி வேண்டும்; அதை சிம்லாவிலோ பியோவிலோ அலுவலக நாளில் வாங்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை போய் நின்றால் ஒரு நாள் போச்சு.

நான்காம் நாள் நீளம். காப் என்ற இடத்தில் ஸ்பிதி ஆறு சட்லெஜில் கலக்கிறது, அதைத் தாண்டினால் பச்சை முடிந்தது. வளைந்து வளைந்து நாக்கோவுக்கு ஏறுவீர்கள். நாக்கோ 3,600க்கு மேலே. எல்லோரும் அங்கே தங்கச் சொல்வார்கள். கல்பாவிலிருந்து வந்த அன்றே அங்கே தூங்கினால் 600, 700 மீட்டர் ஏற்றம். குளத்தையும் மடத்தையும் பார்த்துவிட்டு தாபோவுக்கு இறங்கிவிடு, 3,280தான். அங்கே இரண்டு ராத்திரி தங்கு.

இரண்டு ராத்திரி கேட்பது உடம்புக்காக மட்டுமில்லை. தாபோ மடம் 996இல் தொடங்கியது. வெளியே பார்த்தால் மண் குவியல், நிறைய பேர் பத்து நிமிஷத்தில் திரும்பிவிடுகிறார்கள். உள்ளே சபை மண்டபத்தின் நடுவில் நான்கு திசைக்கும் முகம் காட்டும் வைரோசன புத்தர். சுற்றுச் சுவரில் ஆள் உயரத்துக்கு மேலே சுதைச் சிலைகள் மிதப்பதுபோல் பதித்திருக்கும். மண்டபமே ஒரு மண்டலம், அதாவது பௌத்தர்கள் தியானத்துக்கு வரையும் கோலம்போல; நீ அதற்குள் நிற்கிறாய். சிலைகளுக்குக் கீழே சுவர் முழுக்க ஓவியம். போட்டோ எடுக்கக் கூடாது. உள்ளே இருட்டு, லாமாவிடம் கேட்டுக்கொண்டு சின்ன டார்ச் அடி. கண் பழக ஐந்து நிமிஷம் சும்மா நில். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள், திரும்பும்போது சுவரில் உரசினால் ஆயிரம் வருஷத்துச் சாயம் உன் பையோடு வந்துவிடும். மழை மிக அரிதான ஊர் என்பதால்தான் மண் சுவரும் மண் கூரையும் இத்தனை காலம் நின்றன.

காசா போகும் வழியில் தங்கர். பின் என்ற ஆறும் ஸ்பிதி ஆறும் சேரும் இடத்துக்கு மேலே, அரித்துப்போன செங்குத்து மண் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய மடம், ஒரு காலத்தில் ஸ்பிதியின் தலைநகர். கூட்டமாக மேல்தளத்தில் ஏறாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள். அடித்தளமே கரைந்துகொண்டிருக்கிறது. காசாவில் நான்கு ராத்திரி: ஒரு நாள் கீ மடம், கிப்பர் ஊர், சிச்சம் பாலம், ஒரு நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக், ஒரு நாள் கையிருப்பு. ஹிக்கிம் தபால் நிலையத்திலிருந்து எனக்கு ஒரு கார்டு போடு. லாங்சாவில் பிள்ளைகள் கல்லாகிப்போன, நத்தைபோல் சுருண்ட கடலுயிரி ஓடுகளைக் கொண்டுவந்து விற்பார்கள். இமயம் கடலடியில் இருந்த காலத்தவை. பார், வாங்காதே.

தங்கும் வீட்டில் கழிவறை உலர் கழிவறையாக இருக்கலாம். மேலே மண்ணும் சாம்பலும் குவிந்திருக்கும், மண்வெட்டி இருக்கும், தரையில் ஒரு துளை. போனபின் இரண்டு அள்ளு மண் தள்ள வேண்டும், அவ்வளவுதான். நம் வழக்கப்படி வாளித் தண்ணீரைக் கொட்டிவிடாதே. ஈரம் சேர்ந்தால் நாற்றமடிக்கும், மக்காது. அடுத்த பருவத்துக்கு அவர்களுடைய பார்லி வயலுக்குப் போக வேண்டிய எரு அது. கால் கழுவ வெளியே தண்ணீர் கேள்.

சாப்பாட்டுக்குத் துக்பா என்ற நூடுல்ஸ் சூப், மோமோ, ராஜ்மா சாதம் எங்கும் கிடைக்கும். சிம்லா பக்கம் சித்து கிடைத்தால் விடாதே. புளித்த கோதுமை மாவுக்குள் வால்நட்டோ உளுந்தோ வைத்து ஆவியில் வேகவைத்து, நெய் ஊற்றித் தருவார்கள். வெண்ணெய் டீ உப்பாக இருக்கும், டீ என்று நினைக்காமல் ரசம் என்று நினைத்துக் குடித்தால் இறங்கும்.

இனி மருந்து. உயரத்தால் வரும் நோயைத் தடுக்க டயமாக்ஸ் 125 மில்லிகிராம், காலையும் ராத்திரியும், ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து என்பது வழக்கம். டாக்டரைக் கேட்காமல் போடாதே, சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் தொடவே கூடாது. விரல் நுனி மரமரக்கும், அடிக்கடி சிறுநீர் வரும், பயப்பட வேண்டாம். காசாவில் முதல் இரண்டு ராத்திரி குடி வேண்டாம், தூக்க மாத்திரை வேண்டாம். லேசான தலைவலி எல்லோருக்கும் வரும். ஓய்வெடு, மேலே ஏறாதே. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட நடக்க முடியாமல் தள்ளாடினாலோ அது வேறு. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. காசா ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வாங்கிக்கொண்டு உடனே இறங்க வேண்டும். மணாலி பக்கம் போகாதே. அந்தப் பக்கம் இறங்க முதலில் குன்சும் ஏற வேண்டியிருக்கும். தாபோ, பியோ பக்கம்தான் உண்மையான இறக்கம்.

கடைசி நாள் காசாவில் ஆறு மணிக்குக் கிளம்பு. பாத்தல், கிராம்பு என்ற இரண்டு இடங்களுக்கும் நடுவே சாலை என்பது ஆற்றங்கரைப் பாறைதான், ஓடைகள் குறுக்கே ஓடும். வெயில் ஏற ஏற மேலே பனி உருகி, மத்தியானத்தில் தண்ணீர் கூடும்; காலையில் முழங்காலளவு இருப்பது சாயங்காலம் வண்டியை நகர்த்திவிடும். சந்திரதால் ஏரியில் தங்குவதானால் இந்த நாளை இரண்டாக்கு. கிராம்பு தாண்டினால் அடல் சுரங்கம், ஒன்பது கிலோமீட்டர், அப்புறம் மணாலி.

முந்தின நாள் சாயங்காலமே காசா டாக்சி யூனியனில் குன்சும் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடு. பனி விழுந்து மூடியிருந்தால் காத்திருக்காமல் வந்த வழியே சிம்லாவுக்குத் திரும்பு, இரண்டு நாள் ஆகும். அதற்காகத்தான் அந்தக் கையிருப்பு நாள். டெல்லியிலிருந்து வீட்டுக்கு வரும் விமான டிக்கெட்டை அடுத்த நாளுக்கே போட்டுவிடாதே. பியோவில் சிக்னல் இருக்கும்போது ஒரு தடவை கூப்பிட்டுச் சொல்லிவிடு, அப்புறம் காசா வரை போன் வராவிட்டால் பரவாயில்லை.

அன்புடன்,
அம்மா