ஒரு ஆளுக்கு எவ்வளவு மாவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாளாகிறது. எழுத்தெல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று பேப்பரைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருக்கிறார். சொட்டு மருந்தை நேரத்துக்கு நான் விட்டுவிடுகிறேன், நீ அதை நினைத்துக் கவலைப்படாதே. தம்பி போன வாரம் வந்துவிட்டுப் போனான். அவன் விஷயம் கொஞ்சம் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிறு ராத்திரி பதினொன்றரைக்கு நீ அனுப்பிய மெசேஜைக் காலையில்தான் பார்த்தேன். "அம்மா, கிரம்பிள் ஒரு ஆளுக்குச் செய்ய எவ்வளவு மாவு?" அவ்வளவுதான் இருந்தது. பழத்தின் மேலே மாவை உதிர்த்துத் தூவி ஓவனில் வைப்பாயே, அந்த இனிப்பைத்தான் கேட்கிறாய் என்று புரிந்தது. உடனே போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சாயங்காலம் "மீட்டிங்மா, அப்புறம் பேசறேன்" என்று வந்தது. இன்றோடு நான்கு நாள். போனில் கேட்டால் "சும்மாதான்மா" என்பாய், நானும் சரி என்று வைத்துவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு ஆளுக்கு மைதா 40 கிராம், வெண்ணெய் 20, சர்க்கரை 20, ஒரு சிட்டிகை உப்பு. பழத்துக்கு நடுத்தர ஆப்பிள் ஒன்று, ஒரு ஸ்பூன் சர்க்கரை, எலுமிச்சை நாலு சொட்டு. மாவு இரண்டு பங்கு என்றால் வெண்ணெய் ஒரு பங்கு, சர்க்கரை ஒரு பங்கு. நாலு பேர் என்றால் 160, 80, 80. எத்தனை பேர் வந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இது உனக்குத் தெரியும். எனக்கே நீ சொல்லிக்கொடுத்ததுதான். அதனால்தான் அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

வெண்ணெய் சில்லென்று இருக்க வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி மாவில் போட்டுவிடு. உள்ளங்கை படாமல், விரல் நுனியால் மட்டும் எடுத்து எடுத்துத் தேய்த்து உதிர்க்க வேண்டும். உள்ளங்கைச் சூடு பட்டால் வெண்ணெய் உருகி மாவு களியாகிவிடும், வெந்த பிறகு மொறுமொறுப்பு வராமல் தட்டையாகக் கெட்டிப்படும். ரொட்டித்தூள் மாதிரி வந்ததும் நிறுத்திவிடு. அங்கங்கே பட்டாணி அளவு கட்டி இருந்தால் இருக்கட்டும், அதுதான் கடிக்க நன்றாக இருக்கும். சர்க்கரையைக் கடைசியில் கலந்தால் போதும். பழத்தின் மேலே தூவும்போது அழுத்தாதே, அப்படியே விழட்டும். அமுக்கினால் நடுவில் ஆவி போக வழியில்லாமல் அடிப்பாகம் மாவாகவே நிற்கும்.

ஆனால் 40 கிராம் மாவைத் தனியாக உதிர்ப்பது லேசு இல்லை. கொஞ்சமாக இருப்பதால் கைச்சூடு சீக்கிரம் ஏறிவிடும். நீ ஒன்று செய். நாலு பேருக்கு உண்டான மாவை மொத்தமாக உதிர்த்து, ஒரு டப்பாவில் போட்டு ஃப்ரீசரில் வைத்துவிடு. மூன்று மாசம் வரை தாங்கும். வேண்டும்போது இரண்டு கைப்பிடி எடுத்து, உறைந்தபடியே பழத்தின் மேலே தூவி ஓவனில் வைக்கலாம். அப்படி இருந்தால் யாராவது திடீரென்று வந்தாலும் கையைப் பிசைய வேண்டாம். யாராவது வருவார்கள், வராமலா இருப்பார்கள்.

பட்டைத்தூள் பற்றி நான் எழுதாமல் விட்டதைக் கவனித்திருப்பாய். கால் ஸ்பூன் போட்டால்தான் ஆப்பிளுக்கு மணம் எழும்பி வரும். மாப்பிள்ளைக்குப் பட்டை வாசனையே ஆகாது என்று கல்யாணமான முதல் வருஷமே நீ போடுவதை நிறுத்திவிட்டாய். இங்கே வந்திருந்தபோதுகூட, "எனக்காகப் போட வேண்டாம்மா, பழகிப்போச்சு" என்றாய். இப்போது ஒரு ஆளுக்கு என்கிறாய். போடச் சொல்லவா, வேண்டாமா? எனக்குத் தெரியவில்லை பாப்பா. அவர் டூர் போயிருக்கலாம் என்று அப்பா சொல்கிறார். முன்பெல்லாம் அவர் டூர் போனால் எந்த ஊர், எத்தனை நாள், எந்த பஸ் என்றுகூட நீயே சொல்லிவிடுவாய்.

சரி. ஆப்பிள் கொஞ்சம் புளிப்பாகப் பார்த்து வாங்கு. பச்சைத் தோல் கிரானி ஸ்மித் நல்லது, வெந்தாலும் துண்டு கலையாது. முழு இனிப்பான பழத்தைப் போட்டால் மேலேயும் இனிப்பு, கீழேயும் இனிப்பு என்று நாலாவது ஸ்பூனிலேயே திகட்டிவிடும். பிளம், பீச், பெர்ரி மாதிரி சாறு விடுகிற பழமானால் அரை ஸ்பூன் சோளமாவு, அதாவது வெள்ளைக் கார்ன்ஃப்ளார், பிசறிக்கொள். உறைந்த பெர்ரியாக இருந்தால் வெளியே எடுத்து வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, அப்படியே போடலாம். ஓவனை முதலிலேயே 180 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கிவிடு. நாலு பேர் பாத்திரமென்றால் முக்கால் மணி நேரம் கேட்கும், உன் ஒற்றைக் கிண்ணத்துக்கு 25 நிமிஷத்திலேயே பார்க்க ஆரம்பி. மேலே பொன்னிறமானதும் எடுத்துவிடாதே. ஓரத்தில் சாறு கொப்புளம் விட்டுக் கொதிக்க வேண்டும். அப்படிக் கொதித்தால்தான் உள்ளே போட்ட சோளமாவு வேலை செய்து சாறு கெட்டிப்படும், இல்லாவிட்டால் தண்ணீராக ஓடும். எடுத்த பிறகும் பத்து நிமிஷம் ஆறட்டும். பழச்சாறு ரொம்ப நேரம் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நாக்கைச் சுட்டுக்கொள்ளாதே. முன்பு ஒரு தடவை சுட்டுக்கொண்டு மூன்று நாள் மோர் மட்டும் குடித்தாய்.

ராத்திரி பதினொன்றரைக்கு இதைச் செய்ய யோசித்திருக்கிறாய் என்றால் அன்றைக்குச் சாப்பாடு சாப்பிட்டாயா? இது சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுகிற இனிப்பு, சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது. முதலில் வயிறாரச் சாப்பிடு. போன தடவை வந்தபோது உன் வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியதைப் பார்த்தேன். இரண்டே நாள் இருந்தாய். இரண்டு நாளும் ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்துகொண்டே இருந்தாய். யார் கேட்டது உன்னை? நாங்கள் உன் முகத்தைப் பார்க்கக் காத்திருந்தோம், நீ பழைய டப்பாக்களுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாய்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன்னைப் பற்றிப் பேசினால் எனக்குப் பெருமை தாங்காது, அது உனக்கே தெரியும். உன் வயதில் நான் தனியாக ஒரு பேங்க் ஃபாரம் நிரப்பியதில்லை. நீ எவ்வளவு செய்துவிட்டாய்!

ஒரு ஆளுக்குச் செய்வதை நீ குறையாக நினைக்கக் கூடாது என்பதற்காக ஒன்று சொல்கிறேன். கிரம்பிளே பற்றாக்குறையில் பேர் வாங்கிய பண்டம். இரண்டாம் உலகப் போர் சமயம், 1940 ஜனவரியில், பிரிட்டனில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் ரேஷன் வந்துவிட்டது. பழத்தைச் சுற்றி மாவால் மூடிச் சுடுகிற 'பை' (pie) என்ற பண்டத்துக்கு நிறைய மாவும் வெண்ணெயும் வேண்டும். அதற்கு வழியில்லாதபோது இருந்த கொஞ்சத்தை உதிர்த்து மேலே தூவி வீட்டுக்கு வீடு இதைச் செய்தார்கள். ரேஷன் முழுதாக நீங்க 1954 ஆனது. அதற்குள் எல்லோருக்கும் அந்த ருசி பிடித்துப்போய், கையில் எல்லாம் இருந்த காலத்திலும் இதையே செய்தார்கள். கொஞ்சமாகச் செய்தாலும் ஒழுங்காகச் செய், தட்டில் போட்டு உட்கார்ந்து சாப்பிடு. நின்றபடி ஓவன் பக்கத்திலேயே சாப்பிட்டு முடித்துவிடாதே.

இதையெல்லாம் தேடிப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் பிராம்லி ஆப்பிள் பற்றியும் படித்தேன். அங்கே கிரம்பிளுக்கென்றே பேர்போன ஆப்பிள், வெந்தால் பஞ்சாகக் குழைந்துவிடும். 1809-இல் சவுத்வெல் என்ற ஊரில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்ட் என்ற பெண் தோட்டத்தில் விதை போட்டு முளைத்த மரம் அது. பிற்பாடு அந்த வீட்டை பிராம்லி என்ற ஒருவர் வாங்கினார். 1856-இல் ஒரு இளைஞர் வந்து, ஒட்டுக் கட்ட மரத்திலிருந்து குச்சி கேட்டிருக்கிறார். தாராளமாக எடுத்துக்கொள், ஆனால் பழத்துக்கு என் பேரைத்தான் வைக்க வேண்டும் என்றாராம் பிராம்லி. இன்றைக்கு வரைக்கும் அந்தப் பேர்தான்.

இதைப் படித்துவிட்டு என்னால் மேலே படிக்க முடியவில்லை. எழுந்துபோய் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்கப் போவதில்லை, இருக்கும். நீ எட்டாவது படித்தாய். அப்பாவின் ஆபீஸ் பெரியவர் குடும்பத்தோடு சாப்பிட வந்திருந்தார். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நீ லைப்ரரியில் எழுதி எடுத்து வந்த கிரம்பிள் குறிப்பு அது. அந்த ஒரு மாசத்தில் மூன்று தடவை செய்து பார்த்திருந்தாய். மூன்றாவது தடவை கருகியபோது வெண்ணெய் வீணாகிறது என்று நான் திட்டினேன். அன்றைக்கு நாலாவது. மேலே ஒரே சீராகச் சிவந்து, ஓரத்தில் சாறு வழிந்து காய்ந்து, பாத்திரத்தின் விளிம்பில் பாகு மாதிரி ஒட்டியிருந்தது. பெரியவரின் வீட்டு அம்மா ஒரு ஸ்பூன் வாயில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். "யார் செய்தது?" என்று கேட்டார்.

"நான்தான். சும்மா செய்து பார்த்தேன்" என்று சொன்னேன்.

கையில் கஸ்டர்ட் ஜாடியோடு நீ கதவருகே நின்றாய். ஒன்றும் சொல்லவில்லை. ஜாடியை மேஜையில் வைத்தாய், கைப்பிடியை அவர்கள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே போனாய்.

அந்த அம்மா வந்ததிலிருந்து தன் வேலை, தன் பதவி என்று பேசிக்கொண்டிருந்தார். நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று என்னிடம் கேட்டபோது "வீட்டில்தான்" என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. எனக்கென்று காட்ட ஏதாவது வேண்டியிருந்தது. பக்கத்தில் இருந்தது உன்னுடையது, எடுத்துக்கொண்டேன். இது சமாதானம் ஆகாது, எனக்குத் தெரியும். ராத்திரி நீ அந்தப் பாத்திரத்தை ஊறவைத்து, ஒட்டியதை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தாய். மன்னிப்புக் கேட்கத்தான் உள்ளே வந்தேன். "ஓவனை அணைத்தாயா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டேன்.

அதன் பிறகு நீ எதையும் பாதியில் என்னிடம் காட்டியதில்லை. காலேஜில் இடம் கிடைத்த பிறகு சொன்னாய். வேலை மாறியதை மாறிய பிறகு சொன்னாய். கல்யாணத்தைக்கூட எல்லாம் முடிவு செய்துவிட்டுத்தான் வந்து நின்றாய். என் பெண் யாரையும் எதிர்பார்க்க மாட்டாள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நீ எதிர்பார்த்தாய் பாப்பா. நான்தான் இல்லாமல் போனேன்.

அந்த மேஜையில் அன்றைக்கே "என் பெண் செய்தது" என்று சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்வதைக் கேட்க அந்த அம்மா இல்லை. அப்பாவிடம் நேற்று சொன்னேன். பேப்பரை மடித்து வைத்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

இந்தத் தடவை எதுவாக இருந்தாலும் முடித்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்காதே. பாதியில் இருந்தாலும் சொல், கருகியிருந்தாலும் சொல். நான் திருத்த மாட்டேன். யார் மேல் தப்பு என்று கேட்க மாட்டேன். பேச வேண்டாம் என்றால் இரண்டு வரி எழுதினாலும் போதும்.

ஓவனில் வைக்கிற சின்னப் பீங்கான் கிண்ணம் வாங்கப் போனேன். ஜோடியாகத்தான் கொடுப்போம் என்றார்கள். ஒன்றை மட்டும் அனுப்பலாமா என்று யோசித்தேன், மனசு வரவில்லை. இரண்டையும் துணி சுற்றிப் பார்சலில் போட்டிருக்கிறேன். இரண்டாவதை யாருக்கு என்று நினைத்து நீ வருத்தப்பட வேண்டாம், அது எனக்கு. அப்பாவுக்குச் சொட்டு மருந்து இன்னும் மூன்று வாரம்தான். அதன் பிறகு நீ வா என்று சொன்ன அன்றைக்கே கிளம்பிவிடுவேன். நீ ஆபீஸ் போ, நான் பாட்டுக்கு வீட்டில் இருப்பேன். மாவை நீதான் உதிர்க்க வேண்டும், என் கை எப்போதும் சூடு.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெண்ணெய் சில்லென்று இருக்கட்டும். பட்டை போடுகிறாயா, இல்லையா என்று மட்டுமாவது எழுது.

அன்புடன்,
அம்மா