சியோலையும் டோக்கியோவையும் அவசரப்படுத்தாதீர்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையினருக்கு,

ஜப்பான், தென் கொரியா இரண்டிலும் உங்கள் படைகள் இருக்கின்றன. வட கொரியா ஏவுகணை விடும்போதெல்லாம் இந்த இரு நாடுகளும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் தப்பே இல்லை. அதற்காக, ஜப்பான் கொரியாவை ஆண்ட காலத்துக் கொடுமைகளின் பழைய கணக்கைச் சீக்கிரம் முடியுங்கள் என்று நெருக்குவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானுடன் செய்த 1951 சான்பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையை முன்னின்று எழுதியது நீங்கள். 35 வருடம் ஜப்பானின் பிடியில் கிடந்த கொரியாவுக்கு அந்த மேசையில் இடமே இல்லை. 1965-இல் இரண்டு நாடுகளும் உறவைச் சீராக்கியபோதும் பின்னால் உங்கள் வற்புறுத்தல் இருந்தது. ஜப்பானிடமிருந்து 30 கோடி டாலர் நன்கொடை, 20 கோடி டாலர் கடன், எல்லாம் தீர்ந்தது என்று கையெழுத்து. ஜப்பானிய ராணுவத்தின் பாலியல் அடிமைகளாக்கப்பட்ட பெண்களைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் கிடையாது. 1991-இல் அவர்களில் ஒருவரான கிம் ஹக்-சுன் என்ற மூதாட்டி தன் பெயரைச் சொல்லி, முகத்தைக் காட்டிப் பேசிய பிறகுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

அப்புறம் 2015. பழைய எதிரியைத் தூற்றி மலிவாகக் கைதட்டல் வாங்குவது எந்தத் தலைவருக்கும் எளிது என்று உங்கள் உயர் அதிகாரி வெண்டி ஷெர்மன் அந்தப் பிப்ரவரியில் பேசினார். அது யாரைக் குத்தியது என்று கொரியர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டிசம்பர் 28 அன்று, அந்தப் பெண்களின் விவகாரத்தில் இரு அரசுகளுக்கும் இடையே, ஜப்பான் தரும் 100 கோடி யென்னோடு 'இறுதியானது, மாற்ற முடியாதது' என்று ஓர் ஒப்பந்தம் வந்தது, நீங்களும் உடனே வரவேற்றீர்கள். பாதிக்கப்பட்டவர்களிடம் சரியாகக் கலந்து பேசவே இல்லை என்று இரண்டே வருடத்தில் கொரிய அரசின் ஆய்வுக் குழு சொன்னது. அந்தப் பணத்தைக் கொடுக்க அமைத்த அறக்கட்டளையைக் கலைப்பதாக 2018-இல் அறிவித்தார்கள். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்ட மூதாட்டிகளும் உண்டு, அதைக் குறை சொல்ல எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கேட்காமலே முடித்த விவகாரம் எப்படி முடியும்?

சியோலில் ஜப்பானியத் தூதரகத்துக்கு எதிரே அந்தப் பெண்களின் நினைவாக 2011-இல் வைத்த சிறுமி சிலையைப் பாருங்கள். கைகளை மடிமேல் இறுக மூடி உட்கார்ந்திருக்கிறாள், குதிகால்கள் தரையில் படவில்லை, பக்கத்தில் ஒரு காலி நாற்காலி. அதை அகற்றுவது பற்றியும் அந்த ஒப்பந்தத்தில் பேச்சு வந்தது என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

அந்தப் பெண்களுக்கு இழைத்ததற்கு ஜப்பான் தெளிவாக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று 2007-இல் உங்கள் பிரதிநிதிகள் சபைதான் தீர்மானம் போட்டது. அதே குரலில் இப்போதும் டோக்கியோவிடம் பேசுங்கள். ஜப்பானிய ஆட்சியில் கட்டாய உழைப்புக்கு ஆளான கொரியர்களின் வழக்கில் ஜப்பானிய நிறுவனங்கள் தர வேண்டியதைக் கொரிய அறக்கட்டளையே தரும் என்று 2023-இல் சியோல் அறிவித்ததும் பாராட்டினீர்களே, அந்த நிதியில் பங்கு போடுங்கள் என்று அந்த நிறுவனங்களுக்கும் சொல்லுங்கள்.