அந்தியூர்ச் சந்தையில் செம்மறை மாட்டையும் படம் எடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

ஆடி பிறந்தால் அந்தியூர் குருநாதசுவாமி கோயில் சந்தையைப் பற்றி உங்கள் இதழில் ஒரு படமாவது வந்துவிடும். எங்கள் ஊர்த் திருவிழா ஆயிற்றே என்று ஆசையாகத்தான் பக்கத்தைப் புரட்டுவேன். ஒவ்வொரு ஆண்டும் குதிரைதான் இருக்கும். மார்வாரி, கத்தியவாரி, மேளத்துக்கு ஆடும் நாட்டியக் குதிரை, அப்புறம் திப்பு சுல்தான் தன் படைக்கு இங்கேதான் குதிரை வாங்கினார் என்ற கதை. அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். 1799 வரை கொங்கு நாடு மைசூர் ஆட்சியில் இருந்ததால் நடந்திருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் சந்தையின் வரலாறு அவ்வளவுதானா?

இந்தச் சந்தையின் சொந்தப் பிள்ளை, எங்கள் ஊரை ஒட்டிய பர்கூர் மலையின் மாடு. செம்மண் நிறத்தில் வெள்ளைத் திட்டு விழுந்திருக்கும். செம்மறை என்போம். மலைக்கு அப்பால், இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகால், 1956 நவம்பர் வரை எங்கள் அன்றைய கோயம்புத்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ஆளும் மாடும் மலை ஏறி இறங்கிப் புழங்கிய காலம் அது.

எனக்குப் பத்து வயது இருக்கும்போது அப்பா சந்தை கூடும் புதுப்பாளையத்தில் ஒரு ஜோடி செம்மறைக் காளை வாங்கினார். வாயைப் பிரித்துப் பல் பார்த்தார், இரண்டும் நாலு பல். சுழி பார்த்தார். தரகர் தோளிலிருந்த துண்டை எடுத்து அப்பாவின் கைமேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்தார். வாய் திறந்து யாரும் ஒரு தொகை சொல்லவில்லை. இரண்டு முறை அப்பா கையை உதறிவிட்டு நடந்தார். மூன்றாம் முறை விலை படிந்தது. அதற்கப்புறம்தான் சிரமம். காட்டில் மேய்ந்து வளர்ந்த மாடு, புது ஆளைக் கிட்டவே சேர்க்கவில்லை. விற்றவரே கயிற்றைப் பிடித்து எங்கள் வீடு வரை நடந்து வந்தார். மூன்று நாள் தொழுவத்திலேயே படுத்துக்கொண்டு, கன்னடத்தில் அவற்றோடு பேசிப் பேசி எங்களுக்குப் பழக்கிவிட்டுப் போனார். அந்த ஜோடி வண்டியில் பூட்டினால் ஓட்டமாகவே போகும். அப்படி ஒரு மாட்டை நான் அப்புறம் பார்க்கவில்லை.

இப்போது சந்தையில் செம்மறை மாட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. டிராக்டரும் டெம்போவும் வந்ததும், பால் குறைவு என்பதும் காரணம், சரி. ஆனால் பெரிய காரணம் மேய்ச்சல். காட்டுக்குள் பட்டி போட்டு மேய்ப்பதும், பட்டியில் சேரும் சாணத்தைக் கீழ்நாட்டு விவசாயிகளுக்கு விற்பதும்தான் மலைமக்களின் பிழைப்பு. சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்க்கக் கூடாது என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2024 ஜனவரியில் எங்கள் பக்கத்து மலைக்காடுகள் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டன. காட்டைக் காப்பது அவசியம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் செம்மறை கட்டுத்தறியில் தீனி தின்று வளரும் மாடு அல்ல. மலையில் அதற்கு மேய இடம் இல்லையென்றால் சந்தைக்கு எங்கிருந்து இறங்கி வரும்?

கொரோனாவால் இரண்டு ஆண்டு சந்தை கூடாமல் போனபோதே மனசு தவித்துப்போனது. எனவே என் வேண்டுகோள் இதுதான். இந்த ஆடிக்கு உங்கள் நிருபரைக் குதிரைப் பக்கத்தோடு திருப்பி அனுப்பாதீர்கள். மாட்டுப் பக்கமும் வரச் சொல்லுங்கள். எந்தப் பட்டி மாடு எந்த வழியில் இறங்கியது, என்ன விலை போனது என்பதெல்லாம் எங்கள் பெரியவர்களின் வாயில்தான் இருக்கிறது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசிய தரகர்கள் எங்கள் பக்கம் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. நிருபர் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
அந்தியூர்.