வரைய மனம் வராத மகளுக்கு

சிவமயம்

காரைக்குடி

அன்பு மகள் உமையாளுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கு அப்பச்சி, அப்பத்தா, நான் எல்லோரும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை இரவு நீ தொலைபேசியில் சொன்னவற்றுக்கு நான் அப்போதே பதில் சொல்லவில்லை. நீ அழுதுகொண்டிருந்தாய், அந்த நேரத்தில் எதைச் சொல்லியிருந்தாலும் உன்னைத் தேற்றுவதற்காகச் சொன்னதாகவே உனக்குத் தோன்றியிருக்கும். அதனால்தான் கடிதமாக எழுதுகிறேன். பள்ளிப் பருவத்திலிருந்து காமிக்ஸ் ஓவியராவதைத் தவிர வேறொன்றையும் நினைத்திராத உனக்கு, பல மாதங்களாகப் பேனாவைக் கையில் எடுத்தாலே மனம் பின்வாங்குகிறது என்றும், 300 பக்கங்களாகத் திட்டமிட்ட கதை 40-ஆம் பக்கத்தோடு நின்றுவிட்டது என்றும், கணினியில் வரைய வாங்கிய பென் டேப்லெட்டை விற்றுவிடலாமா என்று யோசிப்பதாகவும் சொன்னாய். "திறமை இல்லைன்னாக்கூடப் பரவாயில்லம்மா, ஆசையே போயிருச்சு" என்றாய். இந்த வாரம் முழுவதும் அந்த வாக்கியத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். உன் ஆசை எங்கும் போய்விடவில்லை என்றும், அதற்குத் தீனி கிடைக்காமல் இருக்கிறது என்றும் நான் நம்புகிறேன். ஏன் அப்படி நம்புகிறேன் என்பதை விவரமாகச் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

முதலில், உன்னை நீயே சோம்பேறி என்று திட்டிக்கொள்வதை நிறுத்து. பகல் முழுவதும் பெங்களூரில் விளையாட்டு மென்பொருளுக்காகப் பிறர் கேட்கும் வாளையும் கவசத்தையும் அவர்கள் சொல்லும் விதத்திலேயே வரைந்துவிட்டு, அறைக்குத் திரும்பிச் சாப்பிட்ட பிறகு மீதமிருக்கும் கண்களோடு உன் சொந்தக் கதைக்கு உட்காருகிறாய். அமெரிக்காவில் மாதத்துக்கு 20, 22 பக்கங்கள் வருகிற ஓர் இதழுக்குக் கதை எழுத ஒருவர், பென்சிலில் வரைய ஒருவர், மை போட ஒருவர், வண்ணத்துக்கும் எழுத்துக்கும் வேறு ஆட்கள் என்று பிரித்துக்கொள்வார்கள் என்றும், ஜப்பானில் வாரத் தொடர் வரைபவர்கள் உதவியாளர்களை வைத்துக்கொண்டுதான் சமாளிக்கிறார்கள் என்றும் எனக்கு விளக்கியதே நீதான். அவ்வளவு பேர் பகிர்ந்து செய்கிற வேலையை இரவில் தனியாகச் செய்துகொண்டு, ஏன் நகரவில்லை என்று கேட்கிறாய். இதில் உன் குணத்தில் குறை காண எதுவும் இல்லை.

அடுத்தது, நீ போகிற போக்கில் சொன்ன ஒன்று. ஒரு பக்கத்தை இணையத்தில் போட்டுவிட்டு எத்தனை பேர் இதயக்குறி இடுகிறார்கள் என்று விடியும்வரை பார்ப்பதாகவும், குறைந்தால் அடுத்த பக்கம் தொடங்க முடிவதில்லை என்றும் சொன்னாய். ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் படித்த ஓர் ஆய்வு உடனே நினைவுக்கு வந்தது. 1973-இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒரு நர்சரிப் பள்ளியில், இயல்பாகவே படம் வரையப் பிடித்த சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் ஒட்டிய பரிசுச் சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவுக்கு, எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை. பின்னர், யாரும் எதுவும் கேட்காத விளையாட்டு நேரத்தில் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. இத்தனை ஆண்டுகள் வகுப்பறையில் நின்றதில் இதன் உண்மையை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். பாராட்டு வருவதால் கெடுதல் இல்லை. அதற்காக வரையத் தொடங்கும்போது வரைவது கூலிவேலையாகிவிடுகிறது. உனக்குப் பகலிலும் கூலிவேலை, இரவிலும் கூலிவேலை என்றால் எந்தக் கைதான் மறுக்காது?

ஆனாலும் களைப்பும் இதயக்குறியும் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. நீ அனுப்பிய 40 பக்கங்களையும் அச்செடுத்து, கூடத்து வெளிச்சத்தில் வைத்து நிதானமாகப் பார்த்தேன். ஓவியம் எனக்குத் தெரியாது. ஆனால் உன்னைத் தெரியும். மழை பெய்யும் தெரு, மின்கம்பிகள் குறுக்கே ஓடும் வானம், நெற்றியில் விழும் முடி, மாடி விளிம்பில் நிற்கும் கதாநாயகன் எல்லாமே அழகாக இருக்கின்றன; எல்லாமே உன் மேசையில் அடுக்கி வைத்திருந்த ஜப்பானியப் புத்தகங்களில் நான் முன்பே பார்த்தவை. பக்கம் செல்லச் செல்லக் கோடு மெலிந்துகொண்டே வருகிறது. ஆனால் 17-ஆம் பக்கத்தில், மூலையில், ஒரு சின்னக் கட்டத்தில் ஒரு கிழவி அரிவாள்மணையில் வாழைக்காய் நறுக்குகிறாள். ஒரு கால் மடங்கியிருக்கிறது, மறு கால் பலகையை அழுத்திக்கொண்டிருக்கிறது, பெருவிரல் மட்டும் தனியாக மேலே தூக்கி நிற்கிறது. அது நம் அப்பத்தா. காயில் கத்தி இறங்கும்போது அந்த விரல் தூக்கிக்கொள்வதை நானே இத்தனை வருடமாகக் கவனித்ததில்லை. படத்தைப் பார்த்த பிறகு அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன், அப்படித்தான் தூக்குகிறார். அந்தக் கட்டத்தில் உன் கை எங்கும் தயங்கவில்லை.

எனக்குத் தெரிந்தவரையில் உன் சிக்கல் இங்கேதான் இருக்கிறது, உமையாள். நீ கொஞ்ச காலமாகப் படங்களைப் பார்த்துப் படம் வரைகிறாய். காலையில் கண் விழித்ததும் கைப்பேசியில் பிறர் வரைந்தவை, வேலையில் பிறர் அனுப்பும் மாதிரிகள், இரவில் மறுபடியும் பிறர் வரைந்தவை. உலகத்தை நேராகப் பார்க்கிற நேரம் உன் நாளில் எங்கே இருக்கிறது? சித்திரமும் கைப்பழக்கம் என்று எல்லோரும் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். கைப்பழக்கம் உனக்கு வேண்டிய அளவு இருக்கிறது. கண்ணுக்குத்தான் வேலை இல்லாமல் போய்விட்டது.

ஆனந்த விகடனில் ஓவியர் மாலி தம்மிடம் வந்த இளைஞர்களை எப்படி வளர்த்தார் என்பதை நினைத்துப் பார். ஸ்ரீனிவாசன் என்ற இளைஞருக்குச் சில்பி என்று பெயர் வைத்தவர் அவர். அந்தச் சில்பி கோயில் கோயிலாகப் போய், சிற்பத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்து வரைந்தார். கும்பகோணம் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு வந்த கோபாலனுக்குக் கோபுலு என்று பெயரிட்டு, திருவையாற்றுக்குப் போய்த் தியாகராஜர் வழிபட்ட பட்டாபிஷேகப் படத்தை நேரில் பார்த்து வரைந்துவரச் சொன்னவரும் அவர்தான். கோபுலு பிற்காலத்தில் ஒரு வசனமும் இல்லாமல் சில கட்டங்களிலேயே சிரிக்க வைத்தாரே, அந்த மனிதர்கள் நிற்பதும் மேல்துண்டை உதறுவதும் அவர் தஞ்சாவூர்ப் பக்கம் பார்த்த மனிதர்களின் வழக்கம். உன் அப்பச்சிக்கு இதெல்லாம் அத்துப்படி. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வரத் தொடங்கிய நாள் முதல் சேர்த்துவைத்தவர் அவர். உனக்கு இந்தப் பித்து வந்த வழி அதுதான்.

போன மாதம் உன் அம்மான் வீட்டு முகப்பில் பெயர்ந்துபோன தரைக் கற்களை மாற்ற வேண்டும் என்று, அந்தப் பூப்போட்ட கற்களைக் கையாலேயே செய்கிற ஆத்தங்குடிக்குப் போயிருந்தேன். எத்தனையோ முறை போன ஊர்தான்; இந்த முறை வண்டி வரத் தாமதமானதால் பட்டறையில் வெகுநேரம் நின்று பார்க்க வாய்த்தது. ஒரு பெரியவர் சதுரக் கண்ணாடியைத் துடைத்துத் தரையில் வைக்கிறார். அதைச் சுற்றி இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, உள்ளே பூப்போட்ட தகட்டு அச்சை இறக்கி, அதன் ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறக் குழம்பைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார். பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு அச்சை நேராக மேலே தூக்குகிறார். கொஞ்சம் சாய்ந்தால் பச்சை மஞ்சளுக்குள் ஓடிவிடும். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த உலர்ந்த பொடியைத் தூவ, பொடி ஈரத்தைக் குடித்துக் கறுக்கிறது. அதற்குமேல் ஈரக் கலவையைப் போட்டு அழுத்தித் தேய்த்துச் சமன் செய்கிறார். இவ்வளவு நேரமும் அவர் பார்ப்பது கல்லின் முதுகைத்தான். பூ, கண்ணாடியை ஒட்டிக் கீழே இருக்கிறது. காய்வதற்கும் தொட்டித் தண்ணீரில் ஊறுவதற்கும் நாட்கள் ஆகும். கண்ணாடி பிரிந்த பிறகுதான் அந்தப் பளபளப்பு வெளியே தெரிகிறது. அவருடைய நகக்கண்களில் பச்சையும் காவியும் ஏறியிருந்தன. வலது கட்டைவிரல் நகம் மட்டும் மழுமழுவென்று தேய்ந்திருந்தது.

இதை நான் உனக்கு உபதேசத்துக்காகச் சொல்லவில்லை. அங்கே நின்றபோது எனக்கு என்ன தோன்றியது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இது தானாகவே கட்டம் கட்டமாக நடக்கிறதே, இதற்கு வசனம்கூட வேண்டாமே என்று தோன்றியது. வெறும் கண்ணாடியில் கூரை தெரிகிற முதல் கட்டம், அச்சு இறங்குவது, நிறம் நிரம்புவது, அச்சு மேலே போகும்போது அவர் உதடு இறுகுவது. பிறகு ஒரு பெரிய கட்டம் முழுக்க அந்தத் தூசிப்பொடி மட்டும். வரையவே தெரியாத எனக்கு, கையில் ஒரு பென்சில் இல்லையே என்று இருந்தது. அந்தத் தவிப்பை யாரும் எனக்குள் வரவழைக்கவில்லை. நின்று பார்த்ததால் வந்தது. உன்னிடம் போய்விட்டதாக நீ சொல்கிற ஆசை அதுதானே?

செட்டிநாட்டைத்தான் வரைய வேண்டும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. மந்திரவாதியும் கோட்டையும் வருகிற உன் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்தக் கோட்டைக் கதவு எப்படித் திறக்கும், தாழ்ப்பாளில் எங்கே கை பட்டுப் பட்டு வழவழப்பாகியிருக்கும் என்பதை முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கிற பர்மாத் தேக்குக் கதவுகளைத் தொட்டுப் பார்த்தால் நீயே கண்டுகொள்வாய். பெங்களூரிலும் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள். உன் விடுதியில் சப்பாத்தி போடுகிற அம்மாள் இருக்கிறார். இரவுக் காவலர் நாற்காலியில் எப்படிக் காலை மடக்கித் தூங்குகிறார் என்று நீயே ஒருமுறை எனக்கு நடித்துக் காட்டினாய்.

செய்ய வேண்டியது என்று நான் சொல்வது கொஞ்சம்தான். 300 பக்கக் கதையை ஒரு உறையில் போட்டு என்னிடம் அனுப்பிவிடு, பத்திரமாக வைத்திருக்கிறேன், அது செத்துப்போகாது. அதற்குப் பதிலாக, நான்கு பக்கத்தில் முடிகிற ஒன்றை எடுத்துக்கொள். நேரில் பார்த்த ஏதாவது ஒன்று, சாதாரண நோட்டில், பென்சிலில். மை போட வேண்டாம், வண்ணம் வேண்டாம், முடிகிறவரை யாருக்கும் காட்ட வேண்டாம், எனக்கும் காட்ட வேண்டாம். நீ இதுவரை எத்தனையோ கதைகளைத் தொடங்கியிருக்கிறாய், ஒன்றுகூட முடியவில்லை; சின்னதாக ஒன்று முடிந்து கையில் இருந்தால் மனம் எவ்வளவு மாறும் என்பதைப் பிள்ளைகளிடம் நான் கண்டிருக்கிறேன். வரையவே பிடிக்காத நாளில் வரையாதே. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கைகளைப் பார்த்துக்கொண்டு வா. அந்த நாளுக்கு அது போதும்.

அதன்பிறகும் ஆசை திரும்பவில்லை என்றால், அப்போதும் இதைப் பற்றிப் பேசுவோம். வேறு வேலையைத் தேடிக்கொண்டாலும் எங்களுக்கு அதில் ஒரு மனக்குறையும் இல்லை. இருபத்தைந்து வயதாகியும் ஒரு புத்தகம் வரவில்லையே என்று உன்னிடம் கேட்ட உறவினர் யார் என்பதை நீ சொல்லவில்லை. யாராயிருந்தாலும், இனி கேட்டால் என்னைக் கேட்கச் சொல்.

டேப்லெட்டை இப்போது விற்காதே, பாதி விலைகூடத் தரமாட்டார்கள். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலுக்கு நீ வருவதாக அப்பத்தா எல்லோரிடமும் சொல்லிவிட்டார், அதனால் விடுமுறைக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிடு. அப்பச்சி ஸ்டேஷனுக்கு வந்துவிடுவார். ஆத்தங்குடிக்குப் போக வேண்டும் என்று தோன்றினால் முதல் நாளே சொல். நிறம் ஊற்றும் வேலையைத் தொடக்கத்திலிருந்து பார்க்க வேண்டுமானால் காலையிலேயே கிளம்ப வேண்டும், நான் பலகாரம் கட்டி எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அம்மா