கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே முதலிடம் பிடித்தது நம் குமரி மாவட்டம். அதே மாவட்டத்தின் வகுப்பறைகளில்தான் "கடப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது", "பேச்சிப்பாறை மலையிலிருந்து வாறதுக பாஸானா போதும்" என்ற பேச்சும் சர்வசாதாரணமாக நடக்கிறது.

குளச்சல் பக்கம் ஒரு கடலோர ஊரில் மாலைநேர வகுப்பு எடுக்கிறேன். அங்கே வரும் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வடிவொத்த முக்கோணக் கணக்கைக் கொடுத்தால் படம் வரைந்து, விகிதம் எழுதி, யாரையும் கேட்காமல் முடித்துவிடுவாள். காலாண்டுத் தேர்வில் அதே மாதிரிக் கணக்கு வந்திருக்கிறது. விடைத்தாளைப் பார்த்தேன். படம் சரி, முதல் வரி சரி. அப்புறம் அடித்திருக்கிறாள். மறுபடி எழுதி, அதையும் அடித்து, அப்படியே விட்டுவிட்டாள். ஏன் மக்கா என்று கேட்டேன். "தாள் குடுக்கும்போது சார், 'கடப்புறத்துக்காரங்க ரெண்டு மார்க் கேள்வியையாவது ஒழுங்கா எழுதுங்க'ன்னு சொன்னாரு டீச்சர். அப்புறம் எது எழுதினாலும் தப்புன்னுதான் தோணிச்சு" என்றாள். அவர் அக்கறையில்தான் சொல்லியிருப்பார். எனக்குக் கவலையே அதில்தான்.

பிள்ளை சாக்குச் சொல்லவில்லை. உத்தரப்பிரதேசத்தில் 6, 7-ஆம் வகுப்புச் சிறுவர்களிடம் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் புதிர்ப்பாதைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாதியை வெளியே சொல்லாதபோது எல்லோரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே செய்தார்கள். எல்லோர் முன்னாலும் சாதியை வாசித்தபோது, ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் தீர்த்த புதிர்கள் குறைந்துபோயின. 2006-இல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவில் கறுப்பின மாணவர்களிடம் 1995-லேயே உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் இதே போன்ற பின்னடைவைக் கண்டிருக்கிறார்கள். கணக்கில் நிற்க வேண்டிய மனசு, 'அவங்க சொன்னது சரியாயிருமோ' என்ற பயத்தில் மாட்டிக்கொள்கிறது.

இந்தப் பிள்ளைகளின் தாத்தாக்கள், ஜிபிஎஸ் வருவதற்கு முன்பே, கரையில் தெரியும் கோவில் கோபுரத்தையும் மலையையும் ஒரு கோடாகவும், வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோடாகவும் நேர்வைத்துக் கணியம் பார்த்து, கடலுக்கடியில் பார் என்னும் பாறைத்திட்டு கிடக்கும் இடத்துக்கு நேராக வள்ளத்தைக் கொண்டு நிறுத்தியவர்கள். இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளியைக் கண்டுபிடிப்பது கணக்கு இல்லாமல் வேறென்ன? கணித ஆசிரியர்கள் ஒருநாள் அதையும் கரும்பலகையில் வரைந்து காட்டலாமே.

வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது, மாணவரைச் சாதி சொல்லி அழைக்கக் கூடாது என்று நீதிபதி சந்துரு குழு 2024-இல் அரசுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் உதவித்தொகைப் படிவம் வந்தால் "மீனவர் பிள்ளைகள் எல்லாம் எழும்புங்க" என்பது இன்னும் நிற்கவில்லை. வீட்டிலும் "நம்ம குடும்பத்துல யாருக்குக் கணக்கு வந்துச்சு" என்று பிள்ளை காதுபடவே பேசுகிறோம், அதையும் விட வேண்டும்.

படிவங்களை அலுவலக அறையில் தனித்தனியாகக் கொடுக்கவும், தேர்வு அறையில் ஊரையோ சாதியையோ சொல்லி அறிவுரை கூறாமல் இருக்கவும் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர் எல்லாப் பள்ளிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். அரையாண்டுத் தேர்வு தொடங்குவதற்குள் அனுப்பினால் நல்லது.

இப்படிக்கு,
மாலைநேர வகுப்பு ஆசிரியை,
குளச்சல் வட்டாரம், கன்னியாகுமரி மாவட்டம்