பாய்மரம் நிமிர்த்த இரண்டு பேர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன கடிதத்தில் படகு வாங்கியதை ஒரே வரியில் எழுதி முடித்தது என் தப்புதான். "தனியாக இருக்கிற பெண்ணுக்குப் படகு எதற்கு?" என்று அம்மா கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நியாயமான கேள்வி. இந்தத் தடவை விவரமாக எழுதுகிறேன். அம்மாவுக்கு முழுசாகப் படித்துக் காட்டுங்கள், பயப்படுவார் என்று எதையும் தாண்ட வேண்டாம்.

பெரிய படகாக நினைத்துக்கொள்ளாதீர்கள். வேஃபேரர் என்று பெயர், இயன் புராக்டர் என்பவர் 1957-இல் வடிவமைத்த ரகம். நீளம் 4.82 மீட்டர், எடை 170 கிலோ அளவுக்குத்தான். அறையோ படுக்கையோ கிடையாது. காலையில் போய்ச் சாயங்காலத்துக்குள் கரை திரும்ப வேண்டிய படகு. சின்ன காரின் பின்னால் ட்ரெய்லரில் மாட்டி இழுத்துப் போகலாம். துறையில் இடம் பிடித்துக் கட்டிப்போட வேண்டியதில்லை. வீட்டு ஓரமாகத் தார்பாய் போர்த்தி நிறுத்தியிருக்கிறேன். ராத்திரி விளக்கை அணைக்கும் முன் ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.

படகின் நடுவில் ஏற்றி இறக்குகிற பலகை ஒன்று உண்டு. தூக்கி வைத்தால் ஒரு சாண் தண்ணீரிலேயே மிதக்கும். இறக்கினால் ஒரு மீட்டருக்கு மேல் ஆழம் வேண்டும். அந்தப் பலகை இல்லாவிட்டால் காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போய்விடும்.

சரி, அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். முதல் நாள் ஏரிக்கரைச் சரிவில் ட்ரெய்லரை நிறுத்திவிட்டுப் பாய்மரத்தை நிமிர்த்தப் பார்த்தேன். அலுமினியம்தான், கனம் அதிகமில்லை. ஆனால் படகைவிட நீளம். மேல்முனை சாய்கிற பக்கமெல்லாம் ஆளையும் சேர்த்து இழுக்கிறது. ஒருவர் அடியைப் பொருத்தி நிமிர்த்த, இன்னொருவர் பாய்மரத்திலிருந்து படகின் முன்முனைக்கு வரும் முன்கம்பியைப் பிடித்து இழுத்தால்தான் நேராக நிற்கும். இரண்டு தடவை தூக்கிப் பார்த்துக் கீழே வைத்துவிட்டேன். இந்த நாட்டுக்கு வந்த எட்டு மாதத்தில் அலுவலக வேலை தவிர எதற்கும் நான் யாரிடமும் உதவி கேட்டதில்லை. கூச்சம். பேச்சில் பிழை வந்துவிடுமோ என்ற பயம். கடைசியில் பக்கத்துப் படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்த பெரியவரிடம் போய்க் கேட்டேன்.

அவர் உடனே வந்தார். ஆனால் கம்பியைத் தொடாமல் முதலில் அண்ணாந்து பார்த்தார். மேலே மின்கம்பி போகிறதா என்று பார்க்காமல் பாய்மரத்தைத் தூக்கவே கூடாது, பட்டால் பிடித்திருப்பவர் உயிர் போய்விடும் என்றார். நிமிர்த்தி முடித்த பிறகு என் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. "காற்று எங்கிருந்து வருகிறது?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தலையை மெதுவாகத் திருப்பச் சொன்னார். இரண்டு காதிலும் ஒரே அளவு இரைச்சல் கேட்கிற இடத்தில் நிறுத்தினால், நம் மூக்கு நீட்டுகிற திசைதான் காற்று வரும் திசை. அப்பா, அன்றைக்கு அந்தச் சரிவில் நின்றபோதுதான் இந்த ஊரின் காற்று எனக்கு முதல்முதலாகப் புரிந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவர் முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். சுக்கானும் பெரிய பாயும் என் பொறுப்பு. காற்றுக்கு நேர் எதிரே எந்தப் பாய்ப்படகும் போகாது. சுமார் 45 பாகை விலகி, ஒருமுறை இடமாகவும் ஒருமுறை வலமாகவும் வளைந்து வளைந்துதான் எதிர்க்கரையைப் பிடிக்க வேண்டும். திரும்பும் ஒவ்வொரு தடவையும் குரல் கொடுக்க வேண்டும். ஏனென்றால் பாயின் அடியைத் தாங்கும் நீளக் கட்டை தலைக்கு மேலே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரும், குனியாவிட்டால் அடிபடும். முன்பாயில் சின்ன நூல் துண்டுகள் ஒட்டியிருக்கின்றன. இரண்டு பக்கத்து நூலும் படிந்து பின்னால் ஓடினால் பாய் சரியாக இழுக்கிறது என்று அர்த்தம். ஒன்று துடித்தாலும் கை தானாகவே கயிற்றைத் திருத்துகிறது. அந்த நேரத்தில் அலுவலகமும் வீட்டு வாடகையும் ஞாபகத்துக்கே வருவதில்லை.

ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அவசரத்தில், படகை மிதக்க வைக்கும் பின்பக்கக் காற்றறையின் அடைப்பானை மாட்டாமல் தண்ணீரில் இறக்கிவிட்டேன். அரை மணியில் தண்ணீர் புகுந்து பின்பக்கம் கனத்துச் சுக்கான் மந்தமாகிவிட்டது. கரை பக்கத்தில் இருந்ததால் திரும்பிவிட்டோம். இப்போது அடைப்பானைக் கார் சாவியோடு கோத்து வைத்திருக்கிறேன். படகில் அதை மாட்டாமல் சாவி என் பைக்குள் போகாது.

அம்மாவின் பயம் தண்ணீரைப் பற்றியது. அதில் நான் விளையாடுவதில்லை. தண்ணீர் குளிர்ந்திருந்தால், விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் வசம் இருக்காது. அந்த நேரத்தில் லைஃப் ஜாக்கெட்தான் தலையை மேலே வைத்திருக்கும். அதைக் கரையிலேயே போட்டுக்கொண்டுதான் ஏறுவேன். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயில் விழும் விசை நான்கு மடங்காகும். அதனால் தண்ணீரில் வெள்ளை நுரை தெரிய ஆரம்பித்ததுமே பாயைச் சுருக்கிவிடுவோம். கோடையில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, நடுப்பலகை மேல் ஏறி நின்று நிமிர்த்தவும் பழகிவிட்டேன்.

பிராங்க் டை என்பவர் 1963-இல் இதே ரகப் படகில் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குக் கடல் தாண்டிப் போனார் என்று பெரியவர் சொன்னார். நான் அப்படியெல்லாம் கிளம்ப மாட்டேன், அம்மாவிடம் சொல்லுங்கள். ஆனால் பிராங்க் டைக்கும் படகில் துணைக்கு ஒருவர் இருந்தார் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அடுத்த கோடையில் நீங்கள் இருவரும் வரும்போது நாலு பேருக்குத் தாராளமாக இடம் இருக்கும். லைஃப் ஜாக்கெட்டை எடை, மார்புச் சுற்றளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். தளர்வாக இருந்தால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். உங்கள் இரண்டு பேர் அளவையும் எழுதி அனுப்புங்கள். அம்மாவுக்குப் படகில் ஏற மனமில்லாவிட்டாலும் பரவாயில்லை, அளவை மட்டும் எழுதுங்கள். வாங்கி வைக்கிறேன்.

உங்கள் அன்பு மகள்